வடத்தில் கடைசி ஆள்

அம்மனோடு தேர் சுவரில் ஏறிவிட்டது. இரண்டு வடங்களும் நீண்டுவிட்டன. இழுக்கிற ஆட்களை வரையப் போனபோதுதான் செவ்வந்திக்கு வம்பு வந்தது.

கள்ளக்குறிச்சி மாலை வகுப்பில் ஓவியம் படித்தவளுக்கு இந்த மாரியம்மன் கோயில் மதில்தான் முதல் சுவர். கட்டம் போட்டு, அளந்து, சந்தேகம் வந்து அழித்து, மறுபடியும் அளந்து வரைகிறவள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த எண்பத்தேழாம் வருஷம் அது. தியாகதுருகம் சாலையில் மரங்கள் குறுக்கே கிடந்தன, பஸ் இல்லை. ஊர் ஆண்கள் மொத்தமும் படத்தில் இடம் கேட்டு மதிலடியில் நின்றார்கள்.

"வடத்துல மொத ஆளு நானு," என்றார் ஆதிமூலம்.

"அப்ப நான் இன்னா, உனக்கு வால் புடிக்கவா?" எகிறினார் இருசப்பன்.

ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். தர்மகர்த்தா ராஜாங்கம் துண்டை உதறினார். "சாயங்காலத்துக்குள்ள பேசி முடிங்க. இல்லன்னா சுண்ணாம்பு அடிச்சி மூடிடுவேன்."

செவ்வந்தி அளவுகோலை எடுத்தாள். முதல் சுவரே வெள்ளையாகிப்போனால் அடுத்த சுவரை யார் தருவார்கள்? தப்பு தன் அளவில்தானோ என்று வடத்தை மறுபடியும் அளந்தாள். அளந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, காலைல ரோட்டுல 'நாங்க பிற்பட்டவங்க, பங்கு குடு'ன்னு கத்துனது யாரு?"

"நாங்கதான். பொய்யா சொன்னோம்?" என்றார் ஆதிமூலம்.

"இங்க மட்டும் ஏன் முன்னாடி முட்டிக்கிறீங்க?"

"அது சர்க்காருகிட்ட. இது சாமிகிட்ட."

"சாமிகிட்டன்னா பின்னாடி இல்ல நிக்கணும்? மொத ஆளுதான் அம்மனுக்கு ரொம்ப தூரம். நீங்களே அளந்து பாருங்க."

ஆதிமூலம் அளந்தார். முகம் மாறியது. "மருமவளே, என்னக் கடைசில போடு!"

"கடைசி எடம் எனக்கு!" என்று பாய்ந்தார் இருசப்பன்.

வடம் இரண்டு என்பதால் கடைசி இடமும் இரண்டு. அது தீர்ந்தது. மற்றவர்களும் பின்னுக்கே நெருக்கியடித்தார்கள்.

சாயங்காலம் ராஜாங்கம் வந்து பார்த்தார். சுவரில் தேரடியில் ஒரே நெரிசல். முன்னே கயிறு வெறுமனே கிடந்தது.

"எல்லாரும் அங்கியே நின்னுக்கினா தேர இழுக்கறது யாரு?"

குடத்தோடு போய்க்கொண்டிருந்த அவர் மனைவி ராணியம்மாள் நின்றாள். "சும்மா கெடக்கற கயிறுதான? நாங்க புடிச்சிக்கறோம்."

"பொம்பளைங்க வடம் புடிக்கற வழக்கம் ஏது?"

"அப்ப வுடுங்க. அம்மன் அங்கியே நிக்கட்டும்."

முன்னுக்கு வர யாராவது இருக்கிறார்களா என்று ராஜாங்கம் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

"சரி, போட்டுத் தொல. வெளிச்சம் போவுது."

செவ்வந்தி தூரிகையை எடுத்தாள். ராணியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"பொடவய நல்லா தூக்கிச் சொருவுன மாதிரி போடும்மா. இழுக்கறப்ப காலத் தடுக்கும்."