தலைவர் வராத கல்

மூத்த நிருபர் பொய்ச் செய்தி எழுதும்போதெல்லாம் மறுநாள் காலையில் அவர் மேசைக்கடியில் ஒரு கல் கிடந்தது. சின்னப் பொய்யென்றால் கூழாங்கல். தேர்தல் சமயத்தில் பூசணிக்காய் அளவு. அலுவலகத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டிப் பெருக்கும் பெண்மணி முதுகு வலிக்கிறதென்று முறையிட்ட பிறகுதான், கற்களை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி ஆசிரியர் சொன்னார். “அவனவன் வீட்டுக்குக் காய்கறி வாங்கிட்டு வர்றான், நீங்க கல்லத் தூக்கிட்டு வர்றீங்க” என்று மனைவி அலுத்துக்கொண்டாள். மாடிப்படி முழுக்க நிறைந்ததும், கொஞ்சம் இடமாவது மிஞ்சட்டும் என்று நிருபர் ஓர் உளி வாங்கினார். பொய்க்கல் வெண்ணெய்போல வெட்டுப்பட்டது. பிரமுகர்களின் மார்பளவுச் சிலைகள் ஒவ்வொன்றாக வந்தன, பிரமுகர்களும் வாங்கிப்போனார்கள். இருபது வருடம் எழுதிக் கிடைக்காத பெயர் இரண்டே வருடத்தில் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் நகரசபைத் தலைவர் கட்டிய புதுப் பாலம், திறந்த மறுமாதமே ஆற்றில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று நிருபர் எழுதினார். வேலைக்குப் போய் வீடு திரும்பாத ஏழு பேரும் குடும்பத்தை விட்டு ஓடிப்போனவர்கள் என்று, ஆசிரியர் பிரியப்பட்டதால், ஒரு வரி சேர்த்தார். மறுநாள் மேசைதான் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. கல்லை இறக்கக் கிரேன் வந்தது. நிருபரும் ராஜினாமா கொடுத்துவிட்டு அதன் பின்னாலேயே போனார். மனசாட்சி உறுத்தியது என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இருந்ததெல்லாம், அவ்வளவு பெரிய கல் சும்மா கிடைக்கிறதே என்ற சந்தோஷம்தான்.

ஆற்றங்கரையில் நிறுத்தத் தன் முழு உருவச் சிலையைத் தலைவர் கேட்டார். அந்தக் கல்லில் தொப்பைக்கு உளி வைத்தால் ஒல்லியான தோள் ஒன்று வந்தது. மீசைக்கு வைத்தால் யாருடைய காதோ வந்தது. கடைசியில் ஏழு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்கள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கத் துடைக்கச் சொட்டியது.

“தலைவர் எங்க?” என்றாள் மனைவி.

“வரல.”

ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று ஊர் ஏசிய தையல்காரி ஒருநாள் சிற்பியாகிவிட்ட நிருபரின் பட்டறைக்கு வந்து, ஓரத்தில் நின்ற முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“ஓடிப்போயிட்டாருன்னு எழுதினது நீங்கதானே?”

“ஆமா.”

“காலர் கிழிஞ்சிருக்கு, அதுகூட வந்திருக்கு. தைச்சுத் தரேன் தரேன்னு சொல்லிட்டே இருந்தேன்.”

திட்டுவாள் என்று சிற்பி காத்திருந்தார். வாசல்வரை போனவள் திரும்பி, “அடியில உங்க பேரை வெட்டாதீங்க” என்றாள். அவர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல சிலை அது. அது அவருக்கே தெரியும். உளியைக் கீழே வைத்துவிட்டார்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டதால் தலைவரே திரையை விலக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் குளித்து மகிழும் உழைப்பாளிகளின் அற்புதச் சிலை என்று பத்திரிகை எழுதியது. ஊரில் யாரும் அதை மறுக்க மெனக்கெடவில்லை. சாயங்காலங்களில் தையல்காரி துண்டோடு வந்து ஓரத்தில் நிற்பவருக்குத் தலை துவட்டிவிட்டுப் போனாள். நடப்பவர்கள் வழுக்கி விழாமலிருக்க நகரசபை சிலையைச் சுற்றிச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டியது. அதில் சேரும் சருகுகளை அள்ளிப் போடுவது சிற்பியின் வேலையாயிற்று.