மச்சான் பேசாத மூன்று மணி நேரம்

என் மச்சானை நான் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார வைத்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கவில்லை. கட்டிப் போடவில்லை. நான் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில்கூட "அது அப்படி இல்ல மாப்ளே" என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இதை முதலில் யாரும் நம்பவில்லை. மச்சானே அப்படி இல்லை என்றார் என்பதுதான் விசேஷம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்த வேறு எதுவும் கிடைக்காததால் என்னைத் திருத்த ஆரம்பித்தார். நேற்று நல்ல மழை என்று நான் சொன்னால், "நேத்து இல்ல மாப்ளே, முந்தாநாள். அதுவும் மழை இல்ல, தூறல்" என்பார். நான் கொஞ்சம் பெருக்கிச் சொல்கிறவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத் தூறலுக்கெல்லாமா சாட்சி வைத்துக்கொள்ள முடியும்?

நான் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவன். பல்கலைக்கழகத்தில் புவியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வேலை கிடைத்தது. படிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டேன். ஐம்பத்தேழாவது வயதில் ஒரு காலை, பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன். நானும் நழுவினேன். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சும் போயிற்று. வேலையிலிருந்து மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் என் வாயிலிருந்து வந்தது மொத்தம் இரண்டே ஒலிகள். அந்த ஆறு மாதமும் மச்சான் தினமும் வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து, எதிர்ப்பே இல்லாமல் உலக விஷயமெல்லாம் பேசினார். அவர் ஆயுளிலேயே நிம்மதியான காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பேச்சு மெல்லத் திரும்பியது. பயிற்சி கொடுத்த பெண், "தினமும் நீளமா பேசுங்க, நீளமா பேசறவங்களைக் கேளுங்க, அப்பதான் நாக்கு வழிக்கு வரும்" என்றார். நீளமாகப் பேசுகிறவர்கள் கூட்டமாக இருக்கும் இடம் பல்கலைக்கழகம் ஒன்றுதானே. விட்ட இடத்திலிருந்து புவியியல் படிக்க மனுப் போட்டேன். என் பழைய பதிவேட்டைத் தேட மூன்று பேர் கிடங்குக்குள் போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். மூன்றாமவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது மச்சானின் திருத்தம்.

வகுப்பு மூன்றாவது மாடியில். படிகள் நானூறு. எண்ணிப் பார்த்தவர்கள் ஐம்பத்தெட்டு என்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு காலும் சரியாக இருக்கின்றன. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் முதல் வாரம் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இரண்டாவது வாரம் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது வாரம் குறிப்பு எடுக்கவில்லை என்று என்னையே திட்டினார்கள். இடது கையில் நான் ஒரு வரி எழுதுவதற்குள் பேராசிரியர் அடுத்த கண்டத்துக்குப் போய்விடுவார்.

பரீட்சைக்கு நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு மாணவியைப் பல்கலைக்கழகமே அனுப்பியது. எல்லாத் தாளும் முடிந்து கடைசித் தாள் மட்டும் மிச்சம், நிலத்தடி நீர். அன்று காலை அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. வேறு ஆளை நானே கூட்டி வரலாம், பாடம் தெரியாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். என் மனைவி உதவமாட்டாள். ஒரு வருடமாக நான் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டு என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

"எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றாள்.

"எழுத்து சரி. வாய்?"

"ஒரு நாளைக்குப் பொறுத்துக்க மாட்டாரா?"

தேர்வறையில் கண்காணிப்பாளர் அம்மா மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா, இங்க நீங்க கை மட்டும்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் இவரோட தாள் ரத்து."

"அது எப்படிங்க, ஒரு சந்தேகம்னு வந்தா..."

"இப்பவே சொல்லி முடிச்சுடுங்க. மணி அடிச்சதும் கிடையாது."

மணி அடித்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சொன்னேன், அவர் எழுதினார். முதல் அரை மணியில் அவர் காது சிவந்தது. ஒரு மணி நேரத்தில் கழுத்து. இத்தனை வருடத்துப் பாக்கியை நான் ஏன் விடவேண்டும்? "இதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை" என்று பத்திக்கு ஒரு தரம் சொன்னேன். எழுதினார். ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். சரக்கு ரயில் நெருங்கும்போது அதன் நீர்மட்டம் ஒரு விரற்கடை உயரும், ரயில் போனதும் இறங்கிவிடும், நானே அளந்திருக்கிறேன் என்றேன். மச்சான் நிமிர்ந்து பார்த்தார். உதடு பிரிந்தது. கண்காணிப்பாளர் அம்மா இரண்டடி முன்னால் வந்தார். உதடு மூடிக்கொண்டது. பேனா மட்டும் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியது.

வீட்டுக்கு வந்ததும் அடைத்து வைத்த மூன்று மணி நேரமும் மடை திறந்தது. "நாலஞ்சு இடத்துல தப்பும் தவறுமா சொன்னாரு. நான் எடுத்துச் சொல்லி ஒழுங்கு பண்ணினேன். இல்லன்னா கோட்டை விட்டிருப்பாரு" என்றார் தங்கையிடம். காலை நடைக் கூட்டாளிகளிடமும் அதையே சொன்னார். அவர் மூச்சுகூட விடவில்லை என்று நான் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க அண்ணனா? போங்க, சும்மா."

நாலு வாரத்தில் கடிதம் வந்தது. என் விடைத்தாளின் ஓரத்தில் பதினோரு இடங்களில் கேள்விக்குறி இருந்ததாம். எழுதியவர் விடை சொல்லிக்கொடுத்ததன் அடையாளமோ என்று சந்தேகம். விசாரணை. சொல்லிக்கொடுத்தது உறுதியானால் தாள் ரத்து, இரண்டு வருடம் பரீட்சை எழுதத் தடை. இரண்டு வருடம் உங்களுக்கு இரண்டு வருடம்தான். பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் பேச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சு இல்லாதவன் சொல்லிப் பரீட்சை எழுத முடியாது.

"கேள்விக்குறியை யார் போட்டது அண்ணா?" என்று மனைவி கேட்டாள்.

"கை பழக்கம்மா. சந்தேகமா இருந்தா ஓரத்துல போட்டுடும்."

"அங்க வந்து நான்தான் ஒழுங்கு பண்ணினேன்னு பெருமை பேசினே, இவர் படிப்பு போச்சு."

மச்சான் கடிதத்தை வாங்கிப் படித்து, ஒரு பிழைகூடச் சுட்டாமல் திருப்பிக் கொடுத்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று பேர், நடுவில் துறைத் தலைவி. எனக்குத் துணையாக என் மனைவியை உட்கார அனுமதித்தார்கள். "மாணவர் குறுக்கே பேசக் கூடாது" என்றார் துறைத் தலைவி. மாணவர் என்றால் நான்தான்.

பிறகு விடைத்தாளை, எதிரே சாட்சியாக உட்கார்ந்திருந்த மச்சான் முன்னால் துறைத் தலைவி நகர்த்தினார். "இந்த ஏழாம் பக்கத்துக் குறி எதுக்கு?"

"ரயிலுக்கும் கிணத்துக்கும் என்னங்க சம்பந்தம்? பொய்னு தோணுச்சு."

"சம்பந்தம் இருக்கு. பாரம் ஏறினா மண்ணுக்குக் கீழே அடைபட்ட தண்ணி அழுந்தி மேல வரும். ஆராய்ச்சி பண்ணினவங்களே அளந்து எழுதியிருக்காங்க."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அளவாக ஏதோ சொல்லியிருக்கிறேன் என்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சி. மற்றப் பத்துக் குறிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: நம்பவில்லை, ஆனால் சொன்னபடியே எழுதினேன்.

ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க வெளியில வேற மாதிரி சொன்னதா எங்களுக்குத் தகவல். நாலு இடத்துல திருத்திக் குடுத்ததா."

நடை கூட்டாளிகளில் ஒருவர் இங்கே அலுவலகத்தில் இருந்தவர். மச்சானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்தார். என் மனைவி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை இறுக்கி மூடியிருந்தேன். மூடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

"சொன்னது உண்டு" என்றார் மச்சான்.

"அப்போ திருத்தினீங்க?"

"இல்லைங்க. அது நான் விட்ட கதை." குரல் ஒரு பிழை திருத்துபவரின் குரலாக, நிதானமாக வந்தது. "திருத்தணும்னு ஆசை இருந்தது. பதினோரு தடவை தொண்டை வரைக்கும் வந்தது."

"மூணு மணி நேரத்துல ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

மச்சான் தங்கையின் பக்கம் திரும்பினார். துறைத் தலைவிக்குச் சொல்லவேண்டியதை அவளைப் பார்த்தே சொன்னார்.

"பேசலம்மா. மாப்ளே சொன்னது நிஜம். நான் வாயே திறக்கல."