நாலு நாள் தவிடு

திண்டிவனத்தில் ஜாக்குலின் அழகு நிலையம் எங்கே என்று கேட்டால் விழிப்பவர்கள்கூட, தவிட்டுப் பொடி அக்கா கடை என்றால் சட்டென்று கையைக் காட்டி வழி சொல்வார்கள். ஜாக்குலின் ஒலக்கூர் ரைஸ் மில்லில் நெல் அரைத்த சூட்டோடு தவிட்டை வாங்கி வருவாள். துணியில் சலித்து உமியை நீக்கி, அன்றைக்கே இளந்தீயில் வறுத்துவிடுவாள். வறுக்காமல் போட்டுவைத்தால் தவிட்டில் சிக்கு வாடை ஏறிவிடும். வறுத்ததோடு பயத்தம்மாவு சேர்த்தால் முகத்துக்கு, வெந்தயம் சேர்த்தால் தலைக்கு. அந்தப் பொடியை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

2008 ஐப்பசியில் அடைமழையும் கல்யாணக் கூட்டமும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டன. வாங்கிய தவிடு ஈரச் சாக்கில் நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, ஜவுளிக்கடையில் வேலை செய்யும் மெர்லின் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கண்டாச்சிபுரத்துலேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்கக்கா. ஜல்தியா பூசி வுடுங்க."

சாக்கைத் திறந்ததும் வாடை குப்பென்று வந்தது. இன்னொருத்தியாக இருந்தால் நாளைக்கு வா என்று அனுப்பியிருப்பாள். இவளுக்கு நாளைக்குத்தானே முகம் வேண்டும்! பொடி இல்லை என்று சொல்ல ஜாக்குலினின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அரைகுறையாகச் சலித்து, வறுக்காமல், பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் குழைத்துப் பூசிவிட்டாள்.

விடிந்தபோது மெர்லினின் முகம் சிவந்து தடித்துக் கிடந்தது. வந்தவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். பெண்ணுக்குத் தோல் வியாதி என்று தெரு முழுக்கப் பேச்சு. தாய் சவுரியம்மாளோ, "வாயக் கட்டாம கருவாட்ட தின்னுக்கினு இருந்தா இப்படித்தான்" என்று மகளையே திட்டித் தீர்த்தாள்.

ஜாக்குலின் வாயைத் திறக்கவில்லை. மிச்சத் தவிட்டை எதிர்வீட்டு மாட்டின் முன்னால் கொட்டினாள். அது ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டபோது, கோபப்பட்டேன், சண்டை போட்டேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு, பெரியதை மட்டும் முந்தானையில் முடிந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கடையில் நாலு கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் மூஞ்சியையே பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் தொல்லை.

மூன்றாவது வாரம் மெர்லினே வந்தாள். கன்னத்தில் இன்னும் கருந்தடம்.

"கொஞ்சம் தவிட்டுப் பொடி குடுங்கக்கா. உங்க பொடி போட்டாத்தான் இது அடங்கும்."

"தீந்துபோச்சிம்மா" என்றாள் ஜாக்குலின். அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் புதுப் பொடி இரண்டு டப்பா நிறைய இருந்தது. மெர்லின் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

 மறுநாள் ஜாக்குலின் கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரத்தில் பஸ் மாறிக் கண்டாச்சிபுரம் போனாள். மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லிவிட்டால் சம்பந்தம் கூடிவிடும், மெர்லினுக்கு எதுவும் தெரிய வேண்டியதே இல்லை. வழியெல்லாம் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள். கோழைத்தனம்தான், அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் லூர்துமேரி வாசலில் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பூசுன பொடியால வந்ததுங்க அது. தவிடு கெட்டுப்போயிருந்திச்சி. அந்தப் பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்லீங்க."

லூர்துமேரியின் கை நின்றது. "அன்னிக்கே நான் கேட்டேனேம்மா, மூஞ்சில எதனா பூசினியா, அதால வந்துதான்னு. 'ஜாக்குலின் அக்கா பொடி சுத்தமானது, அதால வராது'ன்னு அந்தப் பொண்ணே அடிச்சிச் சொல்லிச்சி. அப்ப ஒடம்புலதான் கோளாறுன்னு எழுந்து வந்துட்டோம்."

ஜாக்குலின் கையெடுத்துக் கும்பிட்டு, இன்னொருமுறை பெண்ணை வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டாள்.

"இப்ப வந்து சொல்றியே. போன ஞாயித்துக்கெழமதான் எங்க கோயில்ல என் பையனுக்கு வேற பொண்ணோட கல்யாணம்னு அறிவிச்சி மொத ஓலை வாசிச்சாங்க."

திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெர்லின் வீட்டு வாசலில் போய் நின்று, தாயையும் மகளையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு, மழை, பன்னீர், மாடு, கண்டாச்சிபுரம், எதையும் மறைக்கவில்லை. சவுரியம்மாள் மகளைப் பார்த்தாள். மெர்லின் அடிப்பாள், கத்துவாள் என்று ஜாக்குலின் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"பூசறப்பவே வாடை வந்துச்சிக்கா" என்றாள் மெர்லின். "நீங்க போயி கெட்டத பூசுவீங்களா? என் மூக்குலதான் எதோ கோளாறுன்னு சும்மா இருந்துட்டேன்."