இறுக்கிக் கட்டிய கட்டு

பல் துலக்கும்போதே மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் பிரஷைப் பிடிக்க வராமல் பற்பசை கன்னமெல்லாம் அப்பியிருந்தது.

"அப்பா, கட்டு ரொம்ப இறுக்குதுப்பா. அவுத்துவிடுப்பா."

"இறுக்கினாத்தான் சேரும். மாஸ்டர் பொண்ணு இப்படி ஒப்பாரி வைக்கலாமா?" என்று சிரித்தார் அப்பா.

தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். சுளுக்கு என்று யார் வந்தாலும் ஒரு இழு, ஒரு கட்டு. 'கைராசிக்காரர்' என்று நாலு பேர் சொன்னது தலைக்கேறியிருந்தது. முந்தின நாள் மாலை மகள் சறுக்குமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை பந்துபோல வீங்கியது. "எக்ஸ்ரே எடுத்துடலாங்க" என்று மனைவி கெஞ்சினாள். "ஊருக்கே கட்டுப் போடுறவன், என் பிள்ளைய இன்னொருத்தன்கிட்ட கொண்டுபோகவா?" என்று எகிறியவர், குழந்தை அலற அலறக் கையை இழுத்து, அட்டை வைத்துக் கட்டிவிட்டார்.

முகத்தைத் துடைத்துவிட வந்த மனைவி, மகளின் விரல்களைத் தொட்டதும் அப்படியே நின்றாள்.

"என்னங்க... விரலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

விரல்கள் வெளுத்து, நகங்களில் நீலம் பாய்ந்திருந்தது. மாஸ்டர் ஒரு விரலைக் கிள்ளினார். மகள் முகம் சுளிக்கவே இல்லை.

"வலிக்குதா கண்ணு?"

"எதுப்பா?"

அவர் அவசர அவசரமாகக் கட்டை அவிழ்த்தார். நிறம் திரும்பவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். "இது சுளுக்கு இல்லைங்க, முறிவு. மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேல தட்டையா, மெல்லிசா இருக்கும். பிள்ளைங்க கை ஊன்றி விழுந்தா அங்கதான் முறியும். அதை ஒட்டியே ரத்தக்குழாயும் நரம்பும் போகுது. இழுத்ததுல முறிஞ்ச முனை குழாயை அழுத்தியிருக்கு. வீக்கத்து மேல இறுக்கமாக் கட்டு வேற. யார் கட்டினது?"

"நான்தான்" என்றார் மாஸ்டர், காற்றுப்போன குரலில்.

"கை முழுசாத் தப்புமான்னு இப்ப சொல்ல முடியாது. உடனே ஆபரேஷன் செய்யணும்."

எலும்பைப் பொருத்திக் கம்பி செருகினார்கள். முன்கையைக் கீறி, வீக்கத்தால் உள்ளே ஏறியிருந்த அழுத்தத்தை இறக்கினார்கள். மணிக்கட்டில் நாடித்துடிப்பு திரும்பிவிட்டது என்று சொன்னபோது, அத்தனை பெரிய உடம்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல விம்மினார். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகே விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. சுண்டுவிரல் மட்டும் இன்றும் முழுதாக நீளவில்லை.

அண்மையில் ஒருவர், கை வீங்கிய தன் பிள்ளையைக் கூடத்துக்குக் கூட்டிவந்தார். "சும்மா ஒரு இழு இழுத்துவிடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் அந்தக் கையைத் தொடவே இல்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எலும்பு விஷயத்துல யாரோட கைராசியையும் நம்பாதீங்க, முதல்ல படம் எடுத்துப் பாருங்க. கட்டுப் போட்ட பிள்ளை அழுதா அடம்னு அதட்டாதீங்க, விரலைத் தொட்டுப் பாருங்க. எம்பொண்ணு வாய்விட்டுச் சொன்னா சார், நான்தான் காதுல வாங்கல."