சட்டைப் பொத்தானும் தலைமுடியும்

லிப்ட் மெக்கானிக்கின் தொண்டையில் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் அவர் அப்படித்தான் சொன்னார். சாப்பாடு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, வெறும் எச்சிலை விழுங்கும்போது மட்டும் பொத்தான் எழுந்து நின்று வழி மறிக்கிறது என்றார். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். ஈரமான ரோஜா நிறக் குகை ஒன்று தெரிந்தது.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒண்ணுமே இல்ல."

"இருக்கு டாக்டர். இப்பக்கூட இருக்கு."

"நீங்க உணர்றது நிஜம்தான். ஆனா அங்க பொருள் எதுவும் இல்ல. தொண்டைத் தசை இறுகினா இப்படித் தோணும். ஏன் சிலருக்கு மட்டும் இறுகுதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. சாப்பாடு இறங்கலன்னாலோ, உடம்பு இளைச்சாலோ உடனே வாங்க."

உடம்பு இளைப்பதாவது! அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி எப்படி இளைப்பான்? நாற்பத்தைந்து வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கலாம் என்று அக்கா எப்போது வாயெடுத்தாலும், எங்காவது ஒரு லிப்ட் நின்றுபோய் அவருக்கு போன் வந்துவிடும்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னா சந்தோஷமா வருவாங்க. நீ என்னடா, பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி வர்ற?" என்று அக்கா கேட்டாள்.

"ஏதாவது இருந்தா எடுத்துப் போட்டிருப்பாங்க. இல்லாததை எப்படி எடுக்கறது?"

அக்கா தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

இரண்டாம் முறை போனபோது, காத்திருக்கும் அறையில் அவருக்கு எதிரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். வலது கால் ஓயாமல் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் 'க்கும்' என்று தொண்டையைச் செருமினார். எதிரிலிருந்தும் 'க்கும்' என்று வந்தது. சற்று நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் செருமினார். பதில் உடனே வந்தது. இப்படி நாலைந்து தடவை ஆனதும் அந்தப் பெண்மணி நிமிர்ந்தார்.

"ஏங்க, என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. எனக்குத் தொண்டையில பொத்தான்."

"முழுங்கிட்டீங்களா?"

"இல்ல. பொத்தான் இல்ல. இருக்கற மாதிரி இருக்கு."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. தூர தேசத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு முடி. நீளமான தலைமுடி, நாக்குக்குப் பின்னால தொங்கற மாதிரி. அதோட மூச்சை இழுத்தா முக்கால்வாசிதான் உள்ள போகுது. மிச்சம் வாசல்லயே நின்னுடுது. கொட்டாவி விட்டாத்தான் அதையும் உள்ள தள்ள முடியும். நான் டிரைவிங் ஸ்கூல்ல டீச்சர். வண்டி ஓட்டக் கத்துக்கற ஆளுங்க பக்கத்துல உட்கார்ந்து கொட்டாவி விட்டா, பாடம் சொல்லிக் குடுக்கப் பிடிக்கலன்னு நினைக்கறாங்க!"

மெக்கானிக் சிரித்தார். பல மாதங்களாக அவர் தொண்டையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்டவர்கள்தான் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். இந்த அம்மாளோ குறுக்குக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். பொத்தான் காலையில் அதிகமா, சாயங்காலமா? படுத்தால் நகருமா? வேலை மும்முரத்தில் மறந்துபோகுமா? மெக்கானிக் ஒன்று விடாமல் பதில் சொன்னார். பேச்சு வாக்கில், இந்தக் கட்டடத்து லிப்ட்டைப் பராமரிப்பதும் தாம்தான் என்று சொல்லி வைத்தார்.

"தைரியமா ஏறுங்க. என் கை பட்ட லிப்ட் பாதியில நிக்காது."

அடுத்த மாதம் அது பாதியில் நின்றது.

அன்று மெக்கானிக் எண்ணெய் போடுவதற்காக மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குப் போயிருந்தார். வேலையைத் தொடங்கும் முன்பே கீழே கடகடவென்று சத்தம் கேட்டது. கம்பிகள் ஒரு குலுக்கலோடு அசையாமல் நின்றன. சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது. எடுத்தார்.

"யாராவது இருக்கீங்களா? உள்ள மாட்டிக்கிட்டேன்." குரல் தெரிந்த குரல். நடுவே மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. "எனக்கு மூச்சு... உள்ளயே போகல."

மெக்கானிக்கின் பொத்தான் ஒரே தாவலில் தொண்டைக்குழிக்கு வந்தது.

"டீச்சர், நான்தான். பொத்தான்காரன். நீங்க தனியாவா இருக்கீங்க?"

"ஆமா. உங்க கை பட்ட லிப்ட்டுன்னீங்களே!"

கோபித்துக்கொள்ளும் அளவுக்கு மூச்சு இருக்கிறதே என்று அவருக்குப் பாதி உயிர் வந்தது.

"கதவுக்கு மேல பாருங்க, வரிசையா ஓட்டை இருக்கும். காத்து தாராளமா வரும். கண்டிப்பா மூச்சு முட்டாது."

"எனக்குத் தெரியுது. என் தொண்டைக்குத் தெரியலையே!"

சரிதான். தன் தொண்டைக்கும் தெரியாது. ஒன்றுமில்லை, பயப்படாதே என்று ஊரே சொன்னபோது தனக்கு எப்படி இருந்தது என்று மெக்கானிக் நினைத்துப் பார்த்தார். அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. வாட்ச்மேனை மேலே வரச் சொல்லி போன் செய்துவிட்டு, இன்டர்காமின் ஒலிபெருக்கியை அழுத்தி வைத்தார். மின்சாரத்தைத் துண்டித்தார்; இன்டர்காம் பேட்டரியில் ஓடியது. அதற்குள் மறுமுனையில் இழுப்பு அதிகமானது.

"டீச்சர், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இப்பக் கத்துக் குடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். டிரைவர் சீட்டுல உட்கார்ந்துட்டேன். முதல்ல என்ன செய்யணும்?"

 மூச்சிழுப்புக்கு நடுவிலும் டீச்சருக்குப் பழக்கம் விடவில்லை.

"கண்ணாடியைச் சரி பண்ணுங்க."

"பண்ணியாச்சு. வண்டியை எடுக்கட்டுமா?"

"பெல்ட் போட்டீங்களா? யாரைக் கேட்டு வண்டியை எடுக்கறீங்க?"

"போட்டுட்டேன், போட்டுட்டேன்."

"இடது கால்ல கிளட்ச்சை முழுசா மிதிங்க. முதல் கியர். இப்பக் கிளட்ச்சை மெதுவா விடணும். மெதுவான்னா, தூங்கற குழந்தை கையிலிருந்து பொம்மையை எடுக்கற மாதிரி."

வாட்ச்மேன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மெக்கானிக் மோட்டாரின் பிரேக் கம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெரிய இரும்புச் சக்கரத்தைத் தாம் பிடித்துக்கொண்டார். "இதை அழுத்தினா பிரேக் தளரும். நான் சொல்லும்போது மட்டும் அழுத்துங்க. வேண்டாம்னா உடனே விட்டுடுங்க." வாட்ச்மேன் தலையாட்டினார்.

"பிரேக்கை விடலாம்" என்றார் மெக்கானிக்.

"விடாதீங்க!" என்று இன்டர்காம் அலறியது. "எந்த பிரேக்? காருக்கா, லிப்ட்டுக்கா?"

"லிப்ட்டுக்கு!"

"அதையும் விடாதீங்க!"

வாட்ச்மேன் பயந்து கம்பியை விட்டுவிட, பிரேக் 'டக்'கென்று மறுபடி பிடித்துக்கொண்டது. மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாட்ச்மேனும் சேர்ந்துகொண்டார். கீழே இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து, முதலில் ஒரு விக்கலாக, பிறகு அடக்க முடியாமல், டீச்சரின் சிரிப்பும் வந்தது. மூச்சு முக்கால்வாசிதான் போகிறது என்ற மனுஷி, கட்டடம் அதிரச் சிரித்தார்.

"பயப்படாதீங்க. மெதுவாத்தான் இறக்குவேன். நீங்க பாடத்தை நிறுத்தாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் கியருக்குப் போகச் சொன்னார். குறுக்கே வந்த சைக்கிளுக்கு வழி விடச் சொன்னார். வலது பக்கம் திரும்பும்போது சிக்னல் போட மறந்ததற்குத் திட்டினார். மெக்கானிக் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற, லிப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி, கீழ்த் தளத்துக்குச் சமமாக வந்து நின்றது.

"வண்டியை ஓரமா நிறுத்திட்டேன், டீச்சர்."

"ஹேண்ட் பிரேக்?"

"போட்டாச்சு."

கீழே ஓடிவந்து கதவைத் திறந்தார். டீச்சர் வியர்வையில் நனைந்து, கண்ணெல்லாம் சிவந்து, சிரித்தபடி வெளியே வந்தார்.

"ஓட்டற லட்சணத்துக்கு உங்களுக்கு இன்னும் நிறைய கிளாஸ் வேணும்" என்றார்.

அவர் போன பிறகுதான் மெக்கானிக்குக்குத் தம் பொத்தான் ஞாபகம் வந்தது. அது எப்போது கீழே இறங்கிப் போனதென்றே தெரியவில்லை. நினைத்ததும் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் போகத் தெரிந்த பொத்தான் அது என்பதே அவருக்குப் பெரிய சேதியாக இருந்தது.

அடுத்த வாரம் நிஜமாகவே டீச்சரிடம் கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கார் பழகப் போவதைப் பார்த்த அக்காவுக்கு விஷயம் விளங்க அதிக நாள் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே போய்விட்டாள். டீச்சரின் அப்பாவுக்குக் காது மந்தம்.

"என் தம்பிக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்" என்றாள் அக்கா.

"தாராளமா. சொல்லிக் குடுப்பா. தம்பிக்குக் கண்பார்வை நல்லா இருக்கா?"

"கண்ணெல்லாம் நல்லா இருக்கு. தொண்டைதான் கொஞ்சம்..."

"கொண்டையா? ஆம்பளைக்கு எதுக்கும்மா கொண்டை?"

உள்ளே இருந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, அப்பாவின் காதருகே குனிந்தார். "அப்பா, இவரை நான் கட்டிக்கப் போறேன்." அது மட்டும் பெரியவருக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே இருவரும் டாக்டரை ஒன்றாகப் போய்ப் பார்த்திருந்தார்கள். அவர் இரண்டு தொண்டைகளையும் பார்த்துவிட்டு, இரண்டிலும் ஒன்றுமில்லை என்றார். செருமுவதை விட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார். முழு மூச்சு வருகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்றார். இந்த முறை இருவருமே சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

முடியும் பொத்தானும் அடியோடு போய்விடவில்லை. காலையில் பல் துலக்கும்போது ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

"பொத்தான் எப்படி?"

"தூங்குது. முடி?"

"நேத்து இருந்துச்சு. இன்னைக்குத் தேடணும்."

சில நாள் டீச்சருக்கு மூச்சு பாதியில் நிற்கும். மெக்கானிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவசரப்பட ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். சற்று நேரத்தில் அது தன்பாட்டில் உள்ளே போகும்.

மெக்கானிக் லைசென்ஸ் வாங்கியதும், அக்காவையும் மாமனாரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் ஏரிக்குக் கிளம்பினார்கள். ஏரிக்கரை ஏறும் சரிவில் வண்டி அணைந்துபோனது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மெக்கானிக்கின் பொத்தான் தலைதூக்கியது. டீச்சர் அவர் பக்கம் திரும்பாமல், ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"லாரிக்காரர் காத்திருப்பார். மெதுவா விடுங்க."

அவர் ஒரு முறை விழுங்கிக்கொண்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு சிலிர்ப்போடு சரிவேறி, மேலே வெயிலில் வந்து நின்றது. அக்கா கைதட்டினாள். மாமனார் கண்விழித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் யாரு ஓட்டினது?"

"நான்தான் மாமா!"

"நல்லவேளை, தூங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்துகொண்டு ஏரியைப் பார்க்க இறங்கினார்.