நூறு கிராம் மோர்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பால் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் தயிரும் மோரும் ஒரே மேசையில் சோதிக்கப்பட்டன. நூறு கிராம் தயிரில் பொட்டாசியம் நூற்றைம்பது மில்லிகிராம். நூறு கிராம் மோரில் ஐம்பது.

முடிவைக் கணினியில் ஏற்றிவிட்டு, பரிசோதகரான அவள் கையுறையைக் கழற்றும்போது கைபேசி அதிர்ந்தது. அண்ணி. வேலை நேரத்தில் அண்ணி கூப்பிடுகிற வழக்கமே இல்லை. ஒரு கையுறையோடே எடுத்தாள்.

"உங்கண்ணனால படுக்க முடியலம்மா. படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு நாளா நாற்காலியிலயே உட்கார்ந்து தூங்குறாரு. நீ பயந்துடுவேன்னு சொல்ல விடல."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆம்புலன்ஸ்ல."

அண்ணன் பேருந்து ஓட்டுநர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரம்தான் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. குடிக்கிற நீர் உடம்பை விட்டுப் போக அதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. காலையில் அண்ணி ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைப்பாள். அன்று முழுக்க அதுதான். டீ என்றாலும் அதிலிருந்து, மாத்திரைக்கு ஒரு மிடறு என்றாலும் அதிலிருந்து. அண்ணன் அதை டீசல் டேங்க் என்பான். "ரிசர்வுக்கு வந்துடுச்சு, இனிமே இறக்கத்துல நியூட்ரல்லதான் ஓட்டணும்" என்று சாயங்காலங்களில் பாட்டிலை ஆட்டிக் காட்டுவான்.

தயிரென்றால் அவனுக்கு உயிர். சின்னக் கிண்ணம் அளவுக்கு டாக்டரும் தலையாட்டியிருந்தார். போன மாதம் அதை மாற்றியது அவள்தான். சிறுநீரகம் போனவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு சட்டென்று நின்றுவிடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குக் கண் மூட முடியவில்லை.

"தயிரை விட்டுடு அண்ணா. மோர் குடி. தயிர்ல இருக்கிற பொட்டாசியத்துல மூணுல ஒரு பங்குதான் மோர்ல. பாஸ்பரஸ் கம்மி, கொழுப்பு கம்மி. புரதமும் கம்மிதான், அதை முட்டையில ஈடு கட்டிக்கலாம்."

"எல்லாமே கம்மின்னா அதுல என்னதான்டி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உனக்கு அதான் நல்லது."

"சரி. லேப்காரி தீர்ப்பு சொன்னா அப்பீல் ஏது!"

மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் ஊழியர்களுக்குக் கிடைக்கும் மோர் பாக்கெட்டுகளை, போகிற வழியில் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுப் போகத் தொடங்கினாள். தன் பங்கு போதாதென்று, வேண்டாம் என்றவர்களுடைய பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போகும்போது மனம் கணக்குப் போட்டது. பொட்டாசியமாக இருக்க முடியாது, அதைத்தான் குறைத்தாயிற்றே. அப்படியென்றால் வேறென்ன? ஒவ்வொரு சிக்னலும் ஒரு யுகம். ஓட்டுநர் ரேடியோவைத் திருகியபோது, ஏனென்று தெரியாமல் அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

அவசரப் பிரிவில் அண்ணன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். உதட்டில் நிறமில்லை. தொங்கவிட்ட பாதங்களில் செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது, மற்ற இடமெல்லாம் வீங்கி மினுமினுத்தது. ஒவ்வொரு மூச்சும் நனைந்த துணியைக் கிழிப்பது போன்ற சத்தத்தோடு வந்தது. அவளைப் பார்த்ததும் மாஸ்க்கை விலக்கினான்.

"மூழ்குறேன் குட்டி."

வழக்கமாக இந்த மாதிரி பேச்சின் முடிவில் ஒரு சிரிப்பு வரும். இப்போது வரவில்லை. நர்ஸ் மாஸ்க்கை மறுபடி அழுத்தி வைத்தாள்.

டாக்டர் இளைஞர், பதற்றம் வெளியே தெரியாமல் வேகமாகப் பேசினார். "எடை பார்க்கலாம்னா இவரால நிக்கவே முடியல. தண்ணி எவ்வளவு குடிக்கிறாரு?"

"பாட்டில் அளவுதான் சார்." அண்ணி பைக்குள் கையை விட்டுப் பாட்டிலையே எடுத்துக் காட்டினாள். "பாருங்க, நேத்து ஊத்தினதுல பாதி அப்படியே கிடக்கு. ஒரு மாசமா மிச்சம்தான் வைக்கிறாரு."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அவ்வளவு கட்டுப்பாடா இருந்தா நுரையீரல்ல தண்ணி சேர வேண்டியதில்லையே. அப்ப ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம். முதல்ல அதைப் பார்த்துடுவோம். டயாலிசிஸ் அப்புறம்."

அவர்கள் கட்டிலின் சக்கரத் தடையை விடுவித்தார்கள். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு வறண்டு கிடப்பவன் பாதித் தண்ணீரை மிச்சம் வைப்பானா?

நூறு கிராம் மோரில் ஐம்பது மில்லிகிராம் பொட்டாசியம். மிச்சம்? அந்த மிச்சத்தை அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. பாக்கெட்டில் அச்சாகும் சத்துப் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை.

"அண்ணி, ஒரு நாளைக்கு மோர் எத்தனை பாக்கெட்?"

"நீ கொண்டு வர்றதுதான். அஞ்சு, வெயில் அதிகம்னா ஆறு. ஏன்?"

"அதைப் பாட்டில் கணக்குல கழிக்கலையா?"

"அது எப்படித் தண்ணியாகும்? தயிருக்குப் பதிலா சாப்பாட்டுல சேர்த்ததுன்னு நீதானே சொன்ன. நான் கேட்டேனே, எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாமான்னு. மோர்ல ஒண்ணுமே இல்ல, பயப்படாம குடுங்கன்னியே."

சொல்லியிருந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், பாக்கெட்டுகளை அண்ணி கையில் திணித்தபடி சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆறு பாக்கெட் என்றால் ஒரு லிட்டருக்கு மேல், பெரும்பாலும் தண்ணீர். அத்தனையிலும் உப்பு. உப்பால் தாகம், தாகத்துக்கு மறுபடி மோர். பெருக்கிப் பார்த்தால் பொட்டாசியம்கூட அந்தச் சின்னக் கிண்ணத் தயிரைப்போல மூன்று மடங்குக்கு மேல் போயிருக்கிறது. சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டாள். சொன்னால் அண்ணி இனி தன் முகத்தில் விழிக்க மாட்டாள். கட்டில் வராந்தாவின் திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்! தண்ணிதான். மோர் குடிச்சிருக்காரு, தினம் ஒரு லிட்டருக்கு மேல. நான்தான் குடிக்கச் சொன்னேன்."

அவர் திரும்பினார். "உப்புப் போட்டதா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா. இந்த வாரம் வெயில்னு ரொம்ப அதிகம்."

அவர் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நர்ஸிடம், "டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் பண்ணுங்க, இப்பவே மெஷின் வேணும். ஈசிஜி அங்கேயே எடுத்துக்கலாம்" என்றார். கட்டில் எதிர்ப்பக்கம் திரும்பியது.

வராந்தாவில் அண்ணி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், அண்ணி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளிப் போனாள். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் கூவியது, நின்றது, மறுபடி கூவியது. ஒவ்வொரு முறை அது நின்றபோதும் அவள் கதவைப் பார்த்தாள். யாரோ வெளியே வந்தார்கள். இவர்களைத் தேடி அல்ல. இன்னொருவர் வந்தார். அவரும் இவர்களைத் தேடி வரவில்லை.

"அண்ணி."

அண்ணி பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

மாலைக்குள் அண்ணன் உடம்பிலிருந்து நான்கு லிட்டர் நீரை எடுத்தார்கள். மறுநாள் மேலும் இரண்டு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவன் மதியத்தில் சின்னக் கிண்ணம் தயிர் சாப்பிடுகிறான். அண்ணி அவளிடம் மறுபடி பேசியது ஜூன் மாதத்தில்.