புங்கமரத்தடிக்குப் போ

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டியிருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் மதியச் சாப்பாட்டின்போது பேசக் கூடாது என்று சட்டம் வந்ததற்குக் காரணம் பிரேம்குமார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் வாய் நிறைய சாம்பார் சாதத்தோடு சிரித்துவிட்டான். எதிரே நின்றவர் தலைமையாசிரியர் குருநாதன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அன்று பிற்பகல் ஜெயங்கொண்டத்தில் நடந்த கூட்டத்தில் அவர் கடைசிவரை ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை வழிபாட்டில் அறிவித்தார்.

"இனிமே சாப்புடறப்ப வாயத் தொறந்தா, தட்டத் தூக்கிட்டுப் புங்கமரத்தடிக்குப் போயிடணும். யாரா இருந்தாலும் சரி."

"வாயத் தொறக்காம எப்புடி சார் சாப்புடறது?" என்றான் பிரேம்குமார்.

"பேசுறதுக்குத் தொறந்தான்னு சொன்னேன்டா."

கண்காணிக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பு அனிதாவுக்குக் கிடைத்தது. அவளும் பேச முடியாதே? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். யாராவது பேசினால் டம்ளரால் தட்டில் டங்கென்று ஒரு தட்டு. பிறகு மரத்தை நோக்கி ஒரு விரல். அவ்வளவுதான்.

அன்று வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தக்காளி சாதத்தைச் சத்தமில்லாமல் மென்றார்கள். பள்ளி லீவு என்று நினைத்தோ என்னவோ, காக்காய்கூட வரவில்லை. சமையலம்மா வீராயி சட்டியோடு வந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வக்கட்டுமா, கண்ணு?"

டங்.

வீராயி திரும்பிப் பார்த்தாள். மரத்தைக் காட்டியபடி விறைப்பாக நின்றது அவள் பெற்ற மகள்.

"ஏண்டி, பெத்த தாய்க்கேவா? வூட்டுக்கு வா, வச்சுக்கறேன்!"

டங். டங்.

வீராயி சட்டியையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். இப்போது பரிமாற ஆளில்லை. காலித் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் குருநாதன் வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"வீராயி, அங்க என்ன பண்றீங்க?"

டங்.

"ஏம்மா, நான் ஹெச்.எம்.மா!"

டங்.

'யாரா இருந்தாலும் சரி' என்று தான் சொன்னது குருநாதனின் காதிலேயே ஒலித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் அவர். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

மரத்தடியில் பேசக் கூடாது என்று சட்டம் எதுவுமில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வீராயி தன் கொழுந்தன் அமாவாசை பெரம்பலூருக்குப் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் குருநாதன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

வராந்தாவில் பிரேம்குமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "முட்டை!" என்று கத்தினான். டங் விழுவதற்குள் தட்டோடு பாதி தூரம் போய்விட்டான். அடுத்தவன் "சாதம்!" என்றான். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று என்ன சொல்வதென்று தெரியாமல் "ஆ!" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடியது. ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் வீராயி கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வட்டாரக் கல்வி அலுவலர் மலர்கொடி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வராந்தாவில் ஒரே ஒரு பெண் கையில் டம்ளரோடு நின்றிருந்தாள்.

"எங்கம்மா எல்லாரும்?"

டங்.

"நான் ஆபீசரும்மா."

அனிதா டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆனாலும் விரல் மரத்தைத்தான் காட்டியது. மலர்கொடி அந்தப் பக்கம் போனார். குருநாதன் பதறி எழுந்து சட்டத்தை விளக்க, "அப்ப நானும் இங்கதான் உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்தார். கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. முடிவில் அலுவலரின் சிரிப்பு முந்திரிக் காடு வரை கேட்டது.

வராந்தாவில் அனிதா மட்டும். அமாவாசை அவளுடைய சொந்தச் சித்தப்பா. அவள் வீட்டுக் கதை, அவளுக்கே தெரியாமல் ஊருக்கெல்லாம் தெரிகிறது! கொஞ்சம் பொறுத்தாள். பிறகு டம்ளரை வீசிவிட்டு, "யம்மா, நானும் பேசிட்டேன்! நானும் பேசிட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"மானிட்டருக்கெல்லாம் சொல்ல முடியாது, போடி."

"யம்மா... யம்மா..."

"சரி, உக்காரு. உங்க சித்தப்பன் பொண்ணு வூடுன்னு நெனச்சு வேற வூட்டுக்குள்ள போயிட்டான். அங்க ஏதோ விசேஷம். வாங்க வாங்கன்னு கேசரி, பஜ்ஜி, காப்பி. எல்லாத்தையும் தின்னு முடிச்சுட்டு, 'நேரமாவுது, பொண்ண வரச் சொல்லுங்க'ன்னானாம். அவங்களும் சிரிச்சுக்கிட்டே பொண்ணக் கொண்டாந்து அவன் மடியிலயே உக்கார வச்சுட்டாங்க."

"மடியிலயா?"

"மொட்டையடிச்சு, தலயெல்லாம் சந்தனம் பூசி, ஒரு வயசுக் கொழந்த. அது காதுகுத்து வூடு!"

அனிதா புரண்டு புரண்டு சிரித்தாள். நான்கு தடவை கேட்டவர்களும் அவளோடு சேர்ந்து இன்னொரு முறை சிரித்தார்கள்.

மலர்கொடி ஆய்வு எதுவும் செய்யாமல் கிளம்பினார். ஸ்கூட்டியைக் கிளப்பும்போது, "அப்புறம் கல்யாணம் ஆச்சா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த வூட்டுல ஆச்சுங்க" என்றாள் வீராயி.

மறுநாள் குருநாதன் சட்டத்தைத் திருத்தினார்: முழுங்கிவிட்டுப் பேசு. அனிதாவின் பதவி போனது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வாயில் இருப்பதைச் சீக்கிரம் முழுங்குவது எப்படி என்பதுதான் இப்போது அவளுடைய கவலை.